ஆறு வாரத் துடுப்புப் பயிற்சி: கோச்சுக்கு முழு மார்க், நடத்துபவர்களுக்கு ஜஸ்ட் பாஸ்

எல்லோரும் முதலில் கேட்பது காசுதான், அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வாரம், சனி ஞாயிறு இரண்டு நாளும், மொத்தம் 12 வகுப்பு. 11,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக மொத்தம் 12,980. பெட்ரோல் உங்கள் பாடு. காலை 6 மணிக்கு ஏரிக்கரையில் நிற்க வேண்டும், நான் இருப்பது பெங்களூர் அல்சூரில், ஏரி இருப்பது ஊருக்கு வெளியே கிழக்குப் பக்கம், எனவே நாலரைக்கு எழுந்து ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தால்தான் கட்டுப்படியாகும். நடத்துகிறவர்கள் பெயரைப் போடவில்லை. கீழே சில குறைகளை எழுதப் போகிறேன், பெயர் போட்டால் அது நேரே அங்கே வேலை பார்க்கும் கோச் தலையில் விடியும், அந்த மனிதருக்கு அப்படி ஒரு கெடுதலைச் செய்ய எனக்கு மனமில்லை.

எனக்கு வயது 41. அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவன். மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆட்கள் விடியற்காலையில் அல்சூர் ஏரியில் நீளமான ஒல்லிப் படகுகளை ஓட்டுவதைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன், தண்ணீர்ப் பூச்சி போவது போல நழுவிப் போகும். பார்க்கலாம், அவ்வளவுதான், அது ராணுவம், நமக்கு அங்கே வேலை இல்லை. சென்னையில் இருந்திருந்தால் 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் அடையாற்றில் இருக்கிறது, கொல்கத்தா ரோயிங் கிளப் அதைவிடவும் பழசு, 1858. இங்கே ஏரிக்குப் பஞ்சமில்லை, ஆனால் பெங்களூர் ஏரி என்றாலே பெல்லந்தூர் நுரையும் 2016-ல் அல்சூரில் செத்து மிதந்த மீன்களும்தான் கண்ணில் வருகின்றன. அதனால் இந்த விளம்பரத்தைப் பார்த்ததும் முதலில் தண்ணீரை மோந்து பார்க்கத்தான் போனேன். பரவாயில்லை. ஓரத்தில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது, நடுவில் சுத்தம், நாற்றம் இல்லை. பணத்தைக் கட்டிவிட்டேன்.

கோச் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர் பக்கத்துக்காரர், ஐம்பத்தெட்டு அறுபது வயது இருக்கும். மீசை மட்டும் இன்னும் ராணுவத்திலேயே இருக்கிறது. குரலை உயர்த்தாத ராணுவக்காரரை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

முதல் இரண்டு வகுப்பும் கரையில், ரோயிங் மெஷினில். அவர்கள் அதை எர்கோ என்கிறார்கள். நான் ஜிம்மில் ஒரு வருஷமாக அதை இழுத்தவன், அதனால் நேரே போய் உட்கார்ந்து பக்கவாட்டில் இருக்கும் நெம்புகோலை 10-க்குத் தள்ளி, பத்து இழுப்பு இழுத்துக் காட்டினேன். கோச் ஒன்றும் சொல்லாமல் அதை 4-க்கு இறக்கினார். "பத்துல வச்சா பழைய சாக்கு வண்டியை ஏத்தத்துல தள்ளுற மாதிரி தம்பி. ஓடுற படகு அப்படி இருக்காது." பிறகு என்னை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஊர்ல கிணத்துல தண்ணி சேந்தியிருக்கீங்களா?" சேந்தியிருக்கிறேன், பாட்டி வீட்டில், ராட்டினம் இல்லாத கிணறு. "நிறைஞ்ச குடம் தண்ணிய விட்டு மேல கிளம்புற நேரம் கை மடங்கி இருக்குமா, நீட்டி இருக்குமா?" நீட்டித்தான் இருக்கும், கையைத் தொங்கவிட்டுக் காலை ஊன்றி உடம்பைப் பின்னால் சாய்த்துத்தான் முதல் இழுப்பு வரும், கை மடங்குவதெல்லாம் அப்புறம். "அதேதான் இது. உங்க கை வெறும் கயிறு."

ஒரு வருஷம் ஜிம்மில் எவனும் எனக்கு இதைச் சொல்லவில்லை. கால், அப்புறம் முதுகு, அப்புறம் கை. திரும்பி வரும்போது அப்படியே தலைகீழ், கை, முதுகு, கடைசியில் முட்டி. இணையத்தில் தேடினால் ஆயிரம் வீடியோவில் இது இருக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன், தலை ஆட்டியிருக்கிறேன். தெரிந்திருப்பது வேறு, முட்டி முந்திக்கொண்டு மேலே வரும்போது கை அதன் மேல் இடிக்காமல் தாண்டுவது வேறு. அந்த இரண்டு வகுப்பிலும் அவர் எங்களை இழுக்கவே விடவில்லை என்றுகூடச் சொல்லலாம். கை மட்டும் இருபது. கையும் முதுகும் இருபது. பிறகு சீட்டைக் கால்வாசி உருட்டி இருபது, அரைவாசி உருட்டி இருபது. முழு இழுப்பு கடைசிப் பத்து நிமிஷம்தான். எங்களில் ஒருவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், "இதுக்கா சார் பதிமூணாயிரம்" என்று என் காதில் முணுமுணுத்தார்.

மூன்றாவது வகுப்பில் படகு. நான்கு பேர் ஓட்ட, ஐந்தாவது ஆள் பின்பக்கம் உட்கார்ந்து திசை காட்டும் குவாட். ஆளுக்கு இரண்டு துடுப்பு. திசை காட்டுகிறவரைத் தவிர எல்லோரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறோம், ஆகவே முன்னால் என்ன இருக்கிறது என்பது காக்ஸுக்கு மட்டும்தான் தெரியும். காக்ஸ் வேலையும் எங்களுக்குள்ளேயே சுற்று. என் படகில் ஸ்ட்ரோக் சீட்டில், அதாவது எல்லோருக்கும் வேகம் கொடுக்கிற இடத்தில், கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியை. அவருக்குப் பின்னால் துமகூரு பையன், இன்ஜினியரிங் மாணவன், தமிழ் புரியும், பேச வராது. அப்புறம் நான். எனக்குப் பின்னால் வங்கிப் பெரியவர்.

படகில் உட்கார்ந்த முதல் ஐந்து நிமிஷம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சேர்வதற்கு முன் யாரும் இதைச் சொல்வதில்லை. அது நிற்காது. பரிசல் மாதிரியோ ஊட்டி ஏரிப் படகு மாதிரியோ இல்லை, துடுப்பு இல்லாமல் விட்டால் கவிழ்ந்துவிடும், அவ்வளவு ஒல்லி. துடுப்புகள்தான் அதற்குக் கை. கயிற்றில் நடக்கிறவன் கையில் மூங்கில் பிடித்திருப்பானே, அப்படி. அதனால் அந்த முதல் நாள் எங்களில் இரண்டு பேர் மட்டும் ஓட்ட, மற்ற இரண்டு பேர் பிளேடை, அதாவது துடுப்பின் அகன்ற நுனியை, தண்ணீர் மேல் படுக்கவைத்துக்கொண்டு சும்மா படகைத் தாங்கினோம். சும்மா தாங்குவது என்று எழுத எளிதாக இருக்கிறது, தோள்பட்டை இரண்டும் காது வரைக்கும் ஏறிவிட்டது. கோச் மோட்டார் படகில் பக்கத்திலேயே வந்துகொண்டு, "தோளக் கழட்டிக் கீழ வைங்க" என்றார், இரண்டு மூன்று தடவை.

இனி, நான் இந்த விமரிசனத்தை எழுதக் காரணமான விஷயம்.

நான்காவது வகுப்பில் நால்வரும் சேர்ந்து ஓட்ட ஆரம்பித்தோம். ஒவ்வொரு முறை துடுப்பு தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் படகு என் வலக்கைப் பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தால் அந்தப் பக்கத்துப் பிளேடுகள் எல்லாம் தண்ணீரில் உரசும், எதிர்ப்பக்கத்தில் இருப்பவை ஆகாயத்தில் நிற்கும், அடுத்த இழுப்பு எல்லோருக்கும் கோணல். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னோம். பெரியவர் பையனைப் பார்த்து, "நீ சாஞ்சு உக்கார்றே தம்பி" என்றார். பையன் டீச்சரைக் காட்டினான். நான் படகிலேயே கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன்.

கோச், "ஈஸி ஓர்" என்றார். எல்லோரும் நிறுத்தினோம். ஐந்து நிமிஷம் அசையாமல் உட்கார வைத்துவிட்டு, "எல்லாரும் வலது கைப்பிடிய மட்டும் ஒரு விரக்கடை தூக்குங்க" என்றார். தூக்கினோம். படகின் அந்தப் பக்கம் அப்படியே எழும்பி வந்தது, லிஃப்டில் ஏறினது போல. "இப்ப இறக்குங்க." சாய்ந்தது. நால்வரும் சிரித்துவிட்டோம், ஏனென்றால் அதுவரை கைக்கும் படகுக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருப்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. கை இறங்கினால் அந்தப் பக்கம் இறங்கும், கை ஏறினால் ஏறும். அப்படியானால் யாரோ ஒருவருடைய வலது கை மட்டும் ரொம்ப இறங்குகிறது.

மோட்டார் படகை என் பக்கமாகக் கொண்டுவந்தார். கையைப் பார்த்தார். என் வலது புறங்கையில், சுட்டுவிரல் முட்டிக்குக் கீழே, ஒரு பிளாஸ்திரி.

"இது எப்ப போட்டீங்க?"

"நேத்து, ஸார்."

"அதான் படகு சாயுது."

இரண்டு துடுப்பு பிடித்து ஓட்டும்போது நடுவில் கைப்பிடிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் போகும், ஏனென்றால் உள்பக்கம் அவ்வளவு இடம்தான். இடது கை மேலே, வலது கை கீழே. புதிதாக ஓட்டுகிறவனுக்கு இடது கைக் கட்டைவிரல் நகம் வலது கையின் தோலை உழுதுவிடும், முதல் நாளே ரத்தம் வந்தது. அடுத்த நாள் எனக்குத் தெரியாமலேயே என் வலது கை பயந்துபோய் நகத்துக்குத் தப்பிக்க நாலு விரற்கடை கீழே பதுங்கியிருக்கிறது. பத்து மீட்டருக்கும் மேல் நீளமான படகு, நான்கு பேர், எட்டுத் துடுப்பு, அத்தனையும் ஒரு பிளாஸ்திரிக்காகச் சாய்ந்துகொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும், "வலது கையைத் தூக்கு" என்று நூறு தடவை கத்தியிருப்பார்கள், நானும் நூறு தடவை தூக்கியிருப்பேன், நூற்றியோராவது தடவை மறந்திருப்பேன். இவர் பையில் இருந்து நகவெட்டியை எடுத்துக் கொடுத்தார். நடு ஏரியில் உட்கார்ந்து கட்டைவிரல் நகத்தை வெட்டினேன். அப்புறம் கைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், இடது கை கொஞ்சம் முன்னால் போக வலது கை அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு முறை செய்து காட்டினார். அப்படிச் செய்தால் உயர வித்தியாசம் ஒரு விரல் போதும். படகு நிமிர்ந்து உட்கார்ந்தது. முழுக்க என்று சொல்ல மாட்டேன், முக்கால்வாசி.

அவரிடம் ஒரு கொள்கை இருக்கிறது, கேட்டால் சொல்ல மாட்டார், கவனித்தால் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு தப்பு. அதற்கு மேல் திருத்த மாட்டார். ஐந்தாவது வகுப்பில் பையன் மணிக்கட்டை முறுக்கி முறுக்கிப் பிளேடைத் திருப்பிக்கொண்டிருந்தான், தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் பிளேடைப் படுக்கவைக்க வேண்டும், மறுபடி இறக்குவதற்கு முன் நிமிர்த்த வேண்டும், அதைத்தான் சொல்கிறேன். நானே பார்த்துவிட்டேன், அவர் பார்க்காமல் இருப்பாரா. அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லை. அன்றைய பாடம் வேறு, கை முட்டியைத் தாண்டியதும் எல்லோரும் ஒரு கணம் நிற்கிற பயிற்சி. அடுத்த தண்ணீர் வகுப்பில்தான் பையனிடம் போய், "பைக்ல ஆக்ஸிலரேட்டர் முறுக்குற மாதிரி பண்றப்பா. மணிக்கட்டு வீங்கிடும். வீட்ல அம்மா சப்பாத்திக் கட்டை உருட்டுறதப் பாத்திருக்கியா? விரல்ல உருட்டு" என்றார். அவன் வீட்டில் ராகி முத்தேதானாம், சப்பாத்தி எல்லாம் ஹாஸ்டலில்தானாம். ஆனால் புரிந்துகொண்டான்.

மொழி பற்றி ஒரு சங்கதி. எங்கள் படகில் தமிழ், கன்னடம், கொஞ்சம் இங்கிலீஷ், கோச் வாயில் இருந்து அவ்வப்போது ராணுவ இந்தி. நான்கு பேருக்கும் ஒரே சமயத்தில் புரிகிற மாதிரி ஒரு வார்த்தை வேண்டும், அவர் பிடித்தது "நிதானா". கன்னடத்தில் அதற்கு மெதுவாக என்று அர்த்தம், பஸ்ஸில் இருந்து இறங்கும்போதுகூடச் சொல்வார்கள். நமக்கு நிதானம் என்றால் பதறாமல் இருப்பது. சீட்டை முன்னால் உருட்டிக்கொண்டு வரும்போது தேவைப்படுவது இரண்டும்தான். புதுக் குழுக்கள் எல்லாம் செய்கிற தப்பு, இழுத்து முடித்ததும் அடுத்ததை இழுக்க அவசரமாகச் சீட்டை உருட்டிக்கொண்டு ஓடுவது. நான்கு பேர் உடம்பும் சேர்ந்து படகின் பின்பக்கமாக ஓடி வந்து சட்டென்று நின்றால் அந்த உதை படகையும் பின்னால் தள்ளும், கஷ்டப்பட்டு இழுத்துச் சேர்த்த வேகத்தை நாமே பிடுங்கிப் போடுகிறோம். இழுப்புக்கு ஒரு பங்கு நேரம், திரும்பி வர இரண்டு பங்கு. அவர் எண்ணுவது கேட்க நன்றாக இருக்கும். "ஒண்ணு" என்று சுருக்கமாக, அப்புறம் "ரெண்டூ... மூணூ..." என்று தாலாட்டு போல. நிமிஷத்துக்கு 18 இழுப்புதான், அதற்கு மேல் ஆறு வாரமும் விடவில்லை.

அப்படியே போயிருந்தால் இது வெறும் பாராட்டாக முடிந்திருக்கும். எட்டாவது வகுப்புக்கு கோச் வரவில்லை, பேத்திக்குக் காது குத்து என்று ஊருக்குப் போயிருந்தார். நடத்துகிறவர்கள் ஓர் இளைஞரை அனுப்பினார்கள். நல்ல உடற்கட்டு, எங்களில் யாரைவிடவும் நன்றாக ஓட்டக்கூடியவர், அதில் சந்தேகமே இல்லை. மெகாஃபோனைக் கையில் எடுத்தார். அடுத்த நாற்பது நிமிஷம் அவர் அதைக் கீழே வைக்கவில்லை. முதுகை நிமிர்த்து, தாடையைத் தூக்கு, பிளேடைப் புதை, வேகமாகத் தள்ளு, முன்னால் இருப்பவரைப் பார், பவர், பவர். ஒரே இழுப்புக்குள் ஆறு கட்டளை. டீச்சர் திரும்பிப் பார்த்து, "அண்ணா, இதுல எது எனக்கு, எது உங்களுக்கு?" என்று கேட்டார். அதோடு விட்டாரா, பத்து இழுப்பு முழு பலத்தில் என்றார். காற்று வேறு கிளம்பிவிட்டது, எட்டு மணிக்கு மேல் அந்த ஏரியில் சின்ன அலை அடிக்கும். நான்காவது இழுப்பில் என் இடது பிளேடு சரியாக நிமிராமல் கோணலாக உள்ளே போனது, தண்ணீர் அதை அப்படியே பிடித்து விழுங்கிவிட்டது. படகு போகிற வேகத்தில் கைப்பிடி திரும்பி வந்து விலாவில் இடித்தது. நண்டு பிடிப்பது என்பார்கள் இதை. பிடித்தது நண்டா முதலையா என்று எனக்குச் சந்தேகம். கவிழவில்லை, பெரியவர் சட்டென்று இரண்டு பிளேடையும் தண்ணீரில் அழுத்திப் படகைப் பிடித்துக்கொண்டார், அது எங்கள் கோச் சொல்லிக்கொடுத்த பழக்கம். எட்டணா அளவுக்கு விலாவில் நீலம் பத்து நாள் இருந்தது.

அடுத்த வகுப்புக்கு கோச் திரும்பி வந்து விலாவைப் பார்த்தார், யாரையும் திட்டவில்லை. எங்களை மறுபடி கை மட்டும் இருபதில் ஆரம்பிக்க வைத்தார். முணுமுணுத்த வங்கிப் பெரியவர்தான் அன்றைக்கு, "அதான் சரி, அதான் சரி" என்று முதலில் உட்கார்ந்தார்.

நன்றாக ஓட்டுவது ஒரு வித்தை, ஓட்டத் தெரியாத நான்கு பேரை ஒரே படகாக ஆக்குவது இன்னொரு வித்தை, இரண்டாவதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம் என்பதை நடத்துகிறவர்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. விளம்பரத்தில் படகுகளின் படம் இருக்கிறது, கோச்சைப் பற்றி ஒரு வரி இல்லை.

அப்புறம் மற்ற குறைகள். ஒரு பேட்சுக்குப் பத்துப் பேர் என்று சொல்லிப் பதினாலு பேரைச் சேர்த்தார்கள். இருப்பது ஐந்து பேர் ஏறுகிற இரண்டு படகு. கணக்கு உங்களுக்கே தெரியும், நான்கு பேர் கரையில் கொசுவுக்குத் தீனி. முறை வைத்து மாறினோம், ஆனால் ஒன்றரை மணி நேரத் தண்ணீர் வகுப்பு என்பது உண்மையில் ஒரு மணி நேரம்தான்.

இதைவிடப் பெரியது பாதுகாப்பு. சேரும்போது படிவத்தில் நீச்சல் தெரியுமா என்று ஒரு கட்டம், டிக் அடித்தால் போதும். என் பேட்சில் டிக் அடித்த ஒருவருக்குத் தெரியவே தெரியாது, பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிக்கிற விஷயமா இது? 2022 மே மாதம் கொல்கத்தா ரவீந்திர சரோவரில் பயிற்சிக்குப் போன படகு புயல்காற்றில் கவிழ்ந்து பள்ளி மாணவர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். துடுப்புத் தெரிந்த பிள்ளைகள். ஆறாவது வகுப்பு அன்று எங்கள் மோட்டார் படகு கிளம்ப மறுத்தது. அலுவலகத்தில் இருந்தவர், "பரவாயில்ல, கரையோரமாவே போயிட்டு வாங்க" என்றார். கோச் அவரிடம் வாக்குவாதமே செய்யவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, "படகை ஷெட்ல வைங்க, எர்கோவுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், அவ்வளவு தூரம் வந்து மெஷின் இழுப்பதா என்று. மீட்புப் படகு இல்லாமல் புது ஆட்களைத் தண்ணீரில் விடக் கூடாது என்பது எவ்வளவு அடிப்படையான விஷயம் என்று விலாவில் அடி வாங்கிய பிறகுதான் உறைத்தது.

கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதையும் அவரே சொந்த முயற்சியில் சொல்லிக்கொடுத்தார், பாடத்திட்டத்தில் அது இல்லை. காலை மாட்டுகிற ஷூவின் குதிகாலில் ஒரு சின்னக் கயிறு கட்டியிருக்கும், கவிழ்ந்தால் கையால் அவிழ்க்காமலே கால் உருவிக்கொண்டு வர அதுதான் உதவும், அது இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் நீங்களே இழுத்துப் பார்க்க வேண்டும். அப்புறம், படகை விடக் கூடாது. கவிழ்ந்தாலும் அது மிதக்கும், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும், கரை பக்கத்தில்தானே என்று நீந்தப் போகக் கூடாது, ஆகாயத்தாமரையில் கால் சிக்கினால் நல்ல நீச்சல்காரனும் திணறுவான்.

கழிப்பறை உண்டு, தண்ணீர் இருக்கும் நாட்களில். உடை மாற்ற இடம் கிடையாது, பெண்களுக்குக்கூட ஒரு தார்ப்பாய் மறைப்புதான், டீச்சர் இரண்டு தடவை புகார் கொடுத்தார், மூன்றாவது வாரம் ஒரு கதவு வந்தது. டிபன் அவர்கள் தருவதில்லை. திரும்பும் வழியில் தட்டு இட்லிக் கடை ஒன்று இருக்கிறது, அங்கே நால்வரும் நிறுத்தாமல் வந்ததே இல்லை. பெரியவர் எப்போதும் மூன்று தட்டு.

அந்தக் கடையில்தான் கோச் ஒரு நாள் எங்களோடு உட்கார்ந்து கொஞ்சம் பேசினார். நாற்பது வயதுக்கு மேல் இதெல்லாம் வருமா என்று நான் இழுத்தேன். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு ரோயிங்கில் முதல் தங்கம் வாங்கிய பஜ்ரங் லால் தாக்கர் எந்த ஊர் என்று கேட்டார். ராஜஸ்தான். இன்னொரு துடுப்பு வீரர் தத்து போகனால்? மகாராஷ்டிரத்தில் தண்ணீர்ப் பஞ்சம் உள்ள கிராமம், கிணறு வெட்டும் வேலை செய்தவர், ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பையே தொட்டார், 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் 13-வது இடம், 2018 ஆசிய விளையாட்டில் குவாட் தங்கம். "அவங்கள்லாம் இருபதுல ஆரம்பிச்சாங்க ஸார், நான் நாப்பத்தொண்ணு" என்றேன். "நீங்க ஒலிம்பிக்ஸுக்கா போகப் போறீங்க, படகு சாயாம ஓட்டினாப் போதும்" என்று இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார்.

கடைசி வகுப்பு, பன்னிரண்டாவது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, மேலே லேசாகப் பனி. முப்பது இழுப்பு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டச் சொன்னார், காக்ஸ் மட்டும் கண்ணைத் திறந்திருந்தார், அன்றைக்கு வேறு படகுக்காரர் ஒருவர் காக்ஸ். முதல் பத்து கந்தரகோளம். பிறகு ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. பிளேடுகளைத் திருப்பும்போது துடுப்பு மாட்டியிருக்கிற கேட்டில் டக் என்று ஒரு சத்தம் வரும், அதுவரை எங்கள் படகில் அது டக்டக்கடக் என்று நாலைந்து தடவை கேட்கும். பதினெட்டோ பத்தொன்பதோ இழுப்பில் அது ஒரே டக். அடுத்ததும் ஒரே டக். படகுக்கு அடியில் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது, அத்தனை நாளும் எங்கள் சத்தத்தில் அது கேட்டதே இல்லை. ஆறேழு இழுப்பு அப்படிப் போயிருக்கும். பெரியவர் பின்னால் இருந்து, "ஆஹா" என்றார், அவ்வளவுதான், அடுத்த இழுப்பில் கலைந்துவிட்டது. அவரைத் திட்டிக்கொண்டேதான் கரைக்கு வந்தோம்.

யாருக்கு ஆகும் என்று கேட்டால், உடம்பு குறைக்க வேண்டும் என்று மட்டும் வருகிறவர்களுக்கு இது ஒத்து வராது, முதல் மூன்று வாரம் வியர்வையே பெரிதாக வராது, கோபம்தான் வரும். கூட்டமாகக் கற்றுக்கொள்ளப் பிடிக்காதவர்களும் யோசியுங்கள், இங்கே உங்கள் தப்பு மற்ற மூன்று பேரையும் சாய்க்கும், அவர்கள் தப்பு உங்களை. நகத்தை வெட்டிக்கொண்டு போங்கள். இரண்டு ஜோடி சாக்ஸ், தொளதொள சட்டை வேண்டாம், கைப்பிடியில் மாட்டும். உள்ளங்கையில் கொப்புளம் வரும், உடைக்காதீர்கள்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றால் கோச்சுக்கு ஐந்து, நிர்வாகத்துக்கு இரண்டு, கழிப்பறைக்கு அரை. அடுத்த பேட்சுக்கு நாங்கள் நால்வரும் மறுபடி பணம் கட்டியிருக்கிறோம். இந்தத் தடவை கட்டுவதற்கு முன் மூன்று விஷயத்தை வாட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டோம்: பத்துப் பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம், மோட்டார் படகு ஓடாத நாளில் தண்ணீர் வகுப்பு கிடையாது, கோச் வராத நாளின் வகுப்பை அவரே வேறொரு நாள் எடுப்பார். மூன்றாவதற்கு இன்னும் பதில் வரவில்லை, நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.